கடிதத்தை யாரிடம் காட்டுவது?

நாவல் ஒன்றை எழுதி முடித்தவர், கைப்பிரதியோடு பதிப்பாளருக்கு அனுப்பவேண்டிய அறிமுகக் கடிதத்தை முதலில் நண்பர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்பது நல்ல வழக்கம். எங்களிடமும் அத்தகைய கடிதங்கள் அவ்வப்போது வந்து சேர்கின்றன. சென்னையில் பதிப்பாளர்களை நேரில் சந்தித்துப் பேச வாய்ப்புள்ளவர்களைக் காட்டிலும், ராசிபுரம், ஆத்தூர், சங்ககிரி போன்ற ஊர்களில் அமர்ந்து எழுதுகிறவர்களுக்கே இக்கடிதத்தின் தேவை அதிகம். அவர்களைப் பொறுத்தவரை அந்த ஒரு பக்கம்தான் வாசல். ஆனால் அந்தப் பக்கத்தைத் தவறான ஆட்களிடம் காட்டித் தவறான கேள்வியைக் கேட்கிறோம் என்பது எங்கள் எண்ணம்.

ராசிபுரம் என்றதும் நெய்யும் பட்டும் நினைவுக்கு வருவது இயல்பு. இலக்கிய வாசகர்களுக்கு மற்றொன்றும் நினைவுக்கு வரவேண்டும். ஆர். கே. நாராயணின் பெயரில் முதலாவதாக நிற்கும் எழுத்து இந்த ஊரைக் குறிப்பது. அவர் பிறந்தது 1906இல் சென்னையில், வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தது மைசூரில், எழுதியது ஆங்கிலத்தில். ஆயினும் குடும்பத்தின் பூர்விக ஊர் அவர் பெயரோடு உலகமெங்கும் சென்றது. அவருடைய முதல் நாவல் அச்சேறிய வரலாறு நம் பேச்சுக்கு நேரடியாகப் பொருந்துவது.

பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல நாளில், 1930இல், அவர் அந்த நாவலைத் தொடங்கினார். முடித்த கைப்பிரதியை லண்டன் பதிப்பாளர்கள் ஒருவர்பின் ஒருவராக மறுத்தார்கள். மனம் சோர்ந்த நாராயண், ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பர் பூர்ணாவுக்கு எழுதி, பிரதியில் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் எறிந்துவிடும்படி கேட்டுக்கொண்டார். நண்பர் சொல்பேச்சுக் கேட்கவில்லை. அதே ஊரில் அப்போது வசித்த நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீன் படித்தார், பரிந்துரைத்தார். 1935இல் ஹாமிஷ் ஹாமில்டன் நிறுவனம் அதை 'ஸ்வாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' என்று வெளியிட்டது. நாராயண் முதலில் வைத்திருந்த தலைப்பு வேறு. நாராயணஸ்வாமி என்ற பெயர் நாராயண் என்று சுருங்கியதும் கிரீனின் யோசனையால்தான்.

இந்த வரலாற்றை விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். எங்களுக்கு அதில் வேறொன்று தென்படுகிறது. தபாலில் தனியே போன கைப்பிரதிக்குத் திறக்காத கதவு, ஒரு மனிதர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனபோது திறந்தது. இது செல்வாக்கு, சிபாரிசு என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. கிரீனும் நாராயணும் முதன்முதலாக நேரில் சந்தித்துக்கொண்டது 1956இல். அதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிரீன் ஆதரித்தது தான் பார்த்தறியாத ஒருவரின் பக்கங்களைத்தான். முதல் நாவல் சரியாக விற்கவில்லை; இரண்டாவது 1937இலும் மூன்றாவது 1938இலும் வெவ்வேறு நிறுவனங்களின் வழியாக வந்தன. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் படித்துவிட்டு இன்னொருவரிடம் சொல்லவேண்டியிருந்தது.

அமெரிக்காவில் ஜான் கென்னடி டூல் 1969இல் தற்கொலை செய்துகொண்டபோது அவருடைய நாவல் கைப்பிரதியாகவே இருந்தது. அவர் தாயார் அதை எழுத்தாளர் வாக்கர் பெர்சியிடம் விடாப்பிடியாகக் கொண்டு சேர்த்தார். 1980இல் நூலாகி, மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. இங்கும் சுமந்து சென்ற ஒருவர் தேவைப்பட்டார். ஆனால் எழுதியவருக்கு அது பயன்படவில்லை.

தமிழில் அறிமுகக் கடிதம் என்ற வடிவம் வேர்கொள்ளாததற்குக் காரணங்கள் உண்டு. நம் நாவல்கள் பலவும் பத்திரிகைத் தொடர்களாக வந்து பிறகு நூலானவை, தி. ஜானகிராமனின் 'மோகமுள்' 1950களில் சுதேசமித்திரனில் அப்படி வந்ததுதான். பத்திரிகை ஆசிரியருக்கு எழுத்தாளரை முன்பே தெரியும். பத்திரிகைக்கு வெளியே நின்றவர்கள் தாமே அச்சிட்டுத் தாமே சுமந்தார்கள். சி. சு. செல்லப்பா தம் முதுமையில், 1997இல், மூன்று பாகங்கள் கொண்ட 'சுதந்திர தாக'த்தைத் தாமே வெளியிட்டார். அவர் மறைந்த பிறகு, 2001இல், அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. எழுத்தாளரின் சார்பில் பதிப்பாளரிடம் பேசும் முகவர் என்பவர் ஆங்கிலப் பதிப்புலகில் சாதாரணம். தமிழில் அந்த இடம் ஏறக்குறைய வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தில் நிற்கவேண்டியது அறிமுகக் கடிதம். அதாவது, ராசிபுரத்தில் இருப்பவருக்குக் கடிதமே பூர்ணாவாக வேண்டும். எங்களுக்கு வரும் கடிதங்கள் அப்படி இருக்கின்றனவா? பெரும்பாலானவை பதிப்பகத்தின் தொண்டைப் போற்றித் தொடங்குகின்றன. பிறகு எழுதியவரின் வாழ்க்கைக் குறிப்பு, கவிதைகள் வெளியான சிற்றிதழ்களின் பட்டியல், பெரியவர் ஒருவர் பாராட்டிய செய்தி. நாவலைப் பற்றிய இடம் வரும்போது 'மண்ணின் மணம்', 'விளிம்புநிலை', 'யதார்த்தம்' என்ற சொற்கள் வந்து நின்றுகொள்கின்றன. இறுதியில் குறைகளைப் பொறுத்தருளும் வேண்டுகோள். படித்து முடித்தால் எழுதியவரைப் பற்றிச் சிறிது தெரிகிறது. நாவலைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை.

ராசிபுரம் பக்கத்துச் சவ்வரிசி ஆலையொன்றில் கணக்கெழுதுபவரைப் பற்றிய நாவல் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 'உலகமயச் சூழலில் சிதையும் வேளாண் வாழ்வின் ஆவணம்' என்று கடிதத்தில் எழுதலாம். அதற்குப் பதிலாக இப்படியும் எழுதலாம்: 'மரவள்ளிக் கிழங்குக்கு மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து விலை போடும் ஆலையில் வேலை செய்பவர், லோடுகளுக்குப் பாயிண்டைக் குறைத்து எழுதச் சொல்லும் முதலாளிக்கு இத்தனை காலம் கட்டுப்பட்டவர், ஒருநாள் தன் அண்ணனின் லோடு எடைமேடையில் ஏறுவதைப் பார்க்கிறார்.' முதல் வாக்கியத்தைப் படிப்பவர் தலையசைப்பார். இரண்டாவதைப் படிப்பவர் 'என்ன எழுதினார்?' என்று கேட்பார். கடிதத்தின் வேலை அந்தக் கேள்வியை எழுப்புவது மட்டுமே. அதோடு நாவல் முடிந்துவிட்டதா, எத்தனை சொற்கள், இந்த வாழ்வை எழுதியவர் எப்படி அறிவார் என்ற மூன்று செய்திகளும் இருந்தால் ஒரு பக்கம் போதும்.

இந்த இரு வாக்கியங்களுக்கும் உள்ள வேற்றுமையை நாவலை ஏற்கெனவே படித்த நண்பரால் உணர முடியாது. கடிதம் சொல்லாமல் விட்டதை அவர் நினைவிலிருந்தே நிரப்பிக்கொள்வார்; 'அருமையாக வந்திருக்கிறது, ஐயா' என்பார். பதிப்பகத்தில் கடிதத்தைப் பிரிப்பவருக்கு அந்த நினைவு இல்லை. ஆகவே நாவலைப் படிக்காத, கூடுமானால் இலக்கிய வட்டத்துக்கே வெளியில் உள்ள ஒருவரிடம் கடிதத்தைக் கொடுக்கவேண்டும். 'எப்படி இருக்கிறது?' என்று கேட்கக் கூடாது. 'கடிதத்தை மூடி வைத்துவிட்டு, கதை என்னவென்று எனக்குச் சொல்லுங்கள்' என்று கேட்கவேண்டும். அவர் திருப்பிச் சொல்லும் கதைதான் பதிப்பாளரைச் சென்றடையப்போகும் கதை. அவரால் சொல்ல முடியாவிட்டால் எந்த மெருகும் அக்கடிதத்தைக் காப்பாற்றாது.

நாவல்தானே பேசவேண்டும், கடிதம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கடிதம் மோசமான நாவலைக் காப்பாற்றாது என்பதில் எங்களுக்கும் ஐயமில்லை. ஆனால் பிரிக்கப்படாத கட்டு எதையும் பேசுவதில்லை. நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டைச் சேர்ந்த பெருமாள்முருகனின் 'பூக்குழி' ஆங்கில மொழிபெயர்ப்பில் 2023ஆம் ஆண்டின் சர்வதேச புக்கர் நெடும்பட்டியல் வரை சென்றிருக்கிறது. இவ்வட்டார வாழ்வை அறியாத வாசகர்களும் இதைப் படிக்க ஆயத்தமாக இருக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அறியாதவருக்குச் சொல்லத் தெரிவது இனி நமக்கும் தேவைப்படும் திறமை.

பதிப்பாளர்களிடமும் ஒரு வார்த்தை. நாராயணுக்கு லண்டனிலிருந்து வந்தவை மறுப்புகள்தான், ஆயினும் வந்தன. மறுப்பு வந்ததால்தான் கைப்பிரதி அடுத்த வாசலுக்குப் போக முடிந்தது. பதிலே வராத கடிதம் எழுதியவரை ஆண்டுக்கணக்கில் ஒரே வாசலில் நிறுத்திவைக்கிறது. இயலாது என்று ஒரு வரி எழுதுவதற்கு அதிக நேரம் ஆகாது. ஒரு பக்கத்தில் தன் நாவலைச் சொல்லத் தெரிந்துகொள்வது எழுத்தாளரின் கடமை என்றால், அந்த ஒரு பக்கத்துக்கு ஒரு வரியில் பதில் சொல்வது பதிப்பாளரின் கடமை.