பந்திக்கு முன் ஒரு தாள்



நாகைக் காரோணத்தில் நீலாயதாட்சி அம்மனின் ஆடிப்பூர விழா நாட்களில், ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கும் எங்கள் குடும்பத்தார் அனைவரும் ஒரு நாள் கூடுவது என்று மூன்றாண்டுகளுக்கு முன் தீர்மானித்தோம். ஆடியில் திருமண முகூர்த்தம் இல்லை. ஆதலால் மண்டபம் எளிதில் கிடைக்கும், வாடகையும் சற்றுக் குறையும். அந்த மகிழ்ச்சியிலேயே என் தம்பி முன்பணத்தைக் கொடுத்துவிட்டான். சமையலுக்கும் வாய்ப்பேச்சுதான். இலை ஒன்றுக்கு 220 ரூபாய்.

எத்தனை இலை என்று சமையற்காரர் கேட்டபோது தம்பி, "160 என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றான். நான் இரண்டு நாள் கழித்து அவருடைய உதவியாளரிடம், "120-க்கு மேல் வராது" என்று தொலைபேசியில் சொன்னேன். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. விழா நாளில் 118 பேர் உண்டோம். உணவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வத்தக்குழம்பின் மணம் இன்னும் நினைவில் நிற்கிறது. மாலையில் பட்டியல் வந்தது: 160 இலைக்கு 35,200 ரூபாய். உண்டது 118 இலைதானே, 25,960 தருகிறோம் என்றேன் நான். சமைத்தது 160 பேருக்கு என்றார் அவர். இடையில் நின்றது 9,240 ரூபாய்.

அவருடன் ஏற்பட்ட பிணக்கு ஒரு வாரத்தில் தீர்ந்தது. "என்னைக் கேளாமல் எண்ணிக்கை சொன்னது யார்?" என்று எனக்கும் தம்பிக்கும் மூண்ட பிணக்கோ எட்டு மாதம் நீடித்தது. கூடுவதற்காகச் செய்த விழாவே எங்களைப் பிரித்தது. வீட்டில் மூத்தவர்கள் இந்தப் பொறுப்பை ஏற்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்று இப்போது கருதுகிறேன்: எண்ணிக்கையைச் சொல்லும் வாய் ஒன்றே இருக்கவேண்டும்.

நம்மில் பலருக்கு எழுதிக் கேட்பதில் ஒரு கூச்சம் உண்டு. முகம் தெரிந்த மனிதரிடம் கையெழுத்து வாங்குவது அவமதிப்பாகாதா என்று எண்ணுகிறோம். ஆனால் நம் நாகையின் வரலாறே வேறு விதமாகச் சொல்கிறது. இங்கிருந்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராஜராஜ சோழன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையளித்தான். மன்னன் வாயால் மொழிந்த ஆணை எழுத்தில் ஏறியது. நிலத்தின் எல்லைகள் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டன. தந்தை மறைந்தபின் மகன் இராஜேந்திரன் அதைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். நெடுங்காலம் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வைக்கப்பட்டிருந்த 21 ஏடுகள் அவையே. மன்னன் வாக்கை யாரும் ஐயுறவில்லை. ஆயினும் எழுதினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளும் திருவமுதுக்கு அரிசி இத்தனை, நெய் இத்தனை, பருப்பு, தயிர், பாக்கு, வெற்றிலை இத்தனை என்று ஆழாக்குக் கணக்கில் வரையறுக்கின்றன. கடவுளுக்குப் படைக்கும் அமுதுக்கே அளவு எழுதிய மண்ணில், நம் பந்திக்கு எழுதுவதில் என்ன குறை?

சமையல் ஏற்பாடு இரு வகைப்படும். மளிகையும் காய்கறியும் நாம் வாங்கித் தந்து, சமையற் கூலி மட்டும் கொடுப்பது ஒன்று. இலைக்கு இவ்வளவு என்று முழுவதையும் ஒப்படைப்பது மற்றொன்று. இரண்டாவதில்தான் வழக்கு பெரும்பாலும் முளைக்கிறது. குறைந்தபட்ச இலை எத்தனை, இறுதி எண்ணிக்கையை எந்த நாள் எந்த மணிக்குள் சொல்லவேண்டும், அதற்குப்பின் குறைந்தால் எதற்குப் பணம், கூடினால் என்ன விலை, பரிமாறுவோர் எத்தனை பேர், பாத்திர வாடகையும் எரிவாயுவும் யார் கணக்கு, மீந்த உணவு யாருக்கு. இத்தனையும் அரைத் தாளில் அடங்கும். சமையற்காரரின் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வழக்கு எப்படித் தீர்ந்தது என்றால், நான் அவரைக் காப்பிக்கு அழைத்து, அவர் வாங்கிய மளிகைச் சீட்டுகளைக் காட்டும்படி வேண்டினேன். தயங்காமல் காட்டினார். உண்ணப்படாத 42 இலைக்கும் பொருட்செலவு இலைக்கு 120 ரூபாய் வந்தது. அந்த 5,040-ஐச் சேர்த்து 31,000 கொடுத்தேன். பரிமாறும் கூலியையும் தம் இலாபத்தையும் அவர் விட்டுக்கொடுத்தார். நேர்மையான மனிதர், தவறு எங்களுடையது.

மண்டபத்தின் கதை வேறு. காப்புத் தொகை 15,000 ரூபாயையும், "துப்புரவு, டீசல், நாற்காலி" என்று மூன்று சொல் சொல்லிப் பிடித்துக்கொண்டார்கள். நேரில் சென்று குரலுயர்த்திய தம்பிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எதற்கு எவ்வளவு, இரசீதுடன் 15 நாட்களுக்குள் தெரிவிக்கவும் என்று நான் அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்பினேன். ஜெனரேட்டர் டீசலுக்கு 3,500 ரூபாய் இரசீதும், மீதி 11,500-ம் வந்து சேர்ந்தன.

கடிதத்துக்கும் மசியாதவர்கள் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-ஆம் பிரிவில், தாளில் அபராதம் எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான ஈடு மட்டுமே பெறலாம், எழுதிய தொகை அதன் உச்சவரம்பு என்கிறது. தை முகூர்த்தத்தில் நீங்கள் விட்ட நாளை வேறொருவர் அதே வாடகைக்கு எடுத்துக்கொண்டால், உரிமையாளருக்கு இழப்பு எங்கே? முன்பணம் முழுவதையும் அவர் வைத்துக்கொள்வதை எதிர்த்துக் கேட்க இடமுண்டு. ஆடியில் கடைசி நாளில் விட்டால் நிலைமை மாறும். அப்போது அவர் பக்கமும் நியாயம் இருக்கும்.

இயற்கைச் சீற்றம் தனி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்ததை நம்மில் யார் மறப்போம்? கூரை பறந்த மண்டபத்தில் விழா நடத்த இயலாது. அத்தகைய நிலையில் ஒப்பந்தம் செல்லாததாகிறது. பெற்றதைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 65-ஆம் பிரிவு. ஆயினும் சமையற்காரர் முன்னமே வாங்கிவிட்ட காய்கறியின் செலவு யாருடையது என்பதைத் தாளிலேயே பேசிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. புயல் மாதங்களில் விழா வைக்கும் டெல்டாக்காரர்களுக்கு இந்த வரி அவசியம்.

எதுவும் பலிக்காவிடில் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 1915 என்ற எண்ணில் முதலில் முறையிடலாம். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டாண்டுக்குள் மனுச் செய்யவேண்டும். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விழா நாகையில் நடந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம். முழங்கால் வலியோடு பேருந்து ஏறவேண்டியதில்லை என்பது என் போன்றோருக்குப் பெரிய ஆறுதல். இரசீது, தாள், கடிதத்தின் நகல் மூன்றையும் ஒரே உறையில் வைத்திருங்கள்.

தம்பியும் நானும் அடுத்த பங்குனியில், சிக்கலில் சிங்காரவேலவர் சன்னதியில் எதிர்ப்பட்டோம். "அண்ணா, இந்த வருஷம் எண்ணிக்கையை நீங்களே சொல்லுங்கள்" என்றான். வேண்டாம், நீயே சொல், எழுதிக் கொடு என்றேன். அதே சமையற்காரரைத்தான் அழைத்தோம்.

இவ்வாண்டுக்கான தாளைச் சென்ற வாரம் அனுப்பியிருந்தான். குடிநீர்க் கேன் யார் பொறுப்பு என்ற வரி விடுபட்டிருந்தது. சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.