உடலுக்குள்ளேயே இயங்கும் காக்ளியர் கருவி: குழந்தையின் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்கலாமா?

வெளியே எதையும் அணியாமல், முழுவதும் உடலுக்குள்ளேயே இயங்கும் காக்ளியர் இம்பிளான்ட் வரவிருப்பதாகச் செய்திகள் வெளியாகின்றன. அவற்றைப் படித்த பெற்றோர் சிலர், அதுவரை தம் குழந்தையின் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்கலாமா எனக் கேட்கின்றனர். தள்ளிவைக்க வேண்டாம் என்பதே எமது விடை. அதன் காரணத்தை அறிய, இக்கருவி மின்சாரத்தை எவ்வாறு பயன்படுத்துகிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது உதவும்.

இன்றைய கருவி இயங்கும் விதம்

இக்கருவிக்கு இரண்டு பகுதிகள் உண்டு. காதின் பின்புறம் அணியும் வெளிப்பகுதியில் மைக், ஒலிச் செயலி, பேட்டரி ஆகியவை உள்ளன. தோலுக்கு அடியில் பொருத்தப்படும் உட்பகுதியில் பேட்டரி இல்லை. அதற்குத் தேவையான மின்சாரமும் ஒலிக்குறிப்புகளும் வெளிச்சுருளிலிருந்து தோலின் வழியாகவே செல்கின்றன. காக்ளியா எனப்படும் உட்காதுச் சுருளில் வைக்கப்பட்ட மின்முனைகள் செவி நரம்பைத் தூண்டுகின்றன.

மின்சாரச் செலவைக் குறைக்கும் முயற்சி

ஒலி, தொடர்ச்சியாக ஏறி இறங்கும் அலை. இன்றைய டிஜிட்டல் செயலி அதனை நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, எண்களாக மாற்றி, கணக்கிட்டுப் பிரிக்கிறது. ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் மின்சாரம் செலவாகும். பேட்டரி வெளியே இருக்கும்வரை அதை எளிதில் மாற்றிவிடலாம். உடலுக்குள் வைத்த பேட்டரியை அவ்வாறு மாற்ற இயலாது. ஆகவே முழுவதும் உள்ளே அமையும் கருவிக்கு மின்சாரச் சிக்கனமே முதல் தேவை.

இதற்கு ஒரு வழி அனலாக் மின்சுற்று. இது ஒலியை எண்களாக மாற்றுவதில்லை. வெவ்வேறு கண்ணளவுள்ள சல்லடைகள் தானியத்தைத் தரம் பிரிப்பதுபோல, அலையை அலையாகவே வடிகட்டித் தாழ்ந்த சுருதி, உயர்ந்த சுருதி எனப் பிரிக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராகுல் சர்பேஷ்கர் குழுவினர் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட இத்தகைய செயலி, 211 மைக்ரோவாட் மின்சாரத்தில் இயங்கியது. இது அக்காலத்து டிஜிட்டல் வடிவமைப்புகள் செலவிட்டதில் ஏறத்தாழ 25இல் ஒரு பங்கு.

அதே கழகத்தில், சென்னையில் பிறந்த ஆனந்த சந்திரகாசன் உள்ளிட்ட குழுவினர், முழுவதும் உள்ளே வைப்பதற்கான சில்லு ஒன்றை 2014ஆம் ஆண்டு அறிவித்தனர். மைக்குக்குப் பதிலாக நடுக்காது எலும்புகளின் அதிர்வை உணரும் அக்கருவி, சுமார் 2 நிமிடம் சார்ஜ் செய்தால் 8 மணி நேரம் இயங்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது. இவ்விரண்டும் ஆய்வுக்கான முன்மாதிரிகளே.

இன்னும் தீராத தடைகள்

முதலாவதாக, செயலியில் மிச்சப்படுத்தினாலும், நரம்பைத் தூண்டுவதற்கு மின்சாரம் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டாவதாக, அனலாக் சுற்றின் செயல்பாடு வெப்பநிலைக்கேற்பவும், ஒரு சில்லுக்கும் மற்றொரு சில்லுக்கும் இடையிலும் சிறிது மாறக்கூடும். இதற்கிடையே டிஜிட்டல் சில்லுகளும் மின்சாரச் சிக்கனத்தில் முன்னேறியுள்ளன. இரைச்சலைக் குறைக்கும் பணியையும் அவை செய்கின்றன.

மூன்றாவதாக, உடலுக்குள் இருக்கும் மைக், மெல்லுதல், விழுங்குதல் போன்ற உடலின் ஓசைகளையும் சேர்த்து வாங்குகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் வயதுவந்த 3 பேருக்கு முழுவதும் உள்ளே அமையும் கருவி பொருத்தப்பட்டு, அதன் முடிவுகள் 2008ஆம் ஆண்டு வெளியாயின. அவர்களால் ஒலியைக் கேட்க முடிந்தது. ஆயினும், வெளிச்செயலியை அணிந்தபோதே பேச்சு நன்கு புரிந்தது.

நான்காவதாக, சார்ஜ் செய்யும் பேட்டரி காலப்போக்கில் திறன் இழக்கும். குழந்தைப் பருவத்தில் பொருத்தினால், அதை மாற்றுவதற்கு வாழ்நாளில் பலமுறை அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

குழந்தை ஏன் காத்திருக்க இயலாது

மூளையின் கேட்டல் பகுதி முதல் சில ஆண்டுகளில் கிடைக்கும் ஒலியைக் கொண்டே வளர்கிறது. பிறவியிலேயே கேளாத குழந்தைகளின் மூளை அலைகளை அளந்த ஆய்வுகள், மூன்றரை வயதுக்குள் கருவி பொருத்தப்பட்டவர்களிடம் இவ்வளர்ச்சி பெரும்பாலும் இயல்பை எட்டுவதையும், 7 வயதுக்குப் பிறகு அவ்வாய்ப்பு வெகுவாகக் குறைவதையும் காட்டியுள்ளன. கருவிக்காகக் காத்திருக்கலாம், இவ்வளர்ச்சிப் பருவம் குழந்தைக்காகக் காத்திராது.

இன்று கருவி பொருத்திக்கொள்வதால் நாளைய முன்னேற்றம் கைவிட்டுப் போய்விடுமோ என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. கணக்கிடும் பகுதி வெளியே இருப்பதே இங்கு நன்மையாகிறது. அதே நிறுவனத்தின் புதிய செயலி பொருந்துமாயின், அறுவை சிகிச்சையின்றியே அதை மாற்றிக்கொள்ளலாம். பொருந்துமா என்பதை முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், 6 வயதுக்குட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்கு இச்சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

• பேட்டரி தீர்ந்துவிட்டால் குழந்தைக்கு எதுவும் கேட்காது. சிறு குழந்தைகளால் அதைச் சொல்லத் தெரியாது. எனவே நாள்தோறும் காலையில் பேட்டரியைச் சோதியுங்கள். மாற்றுப் பேட்டரி எப்போதும் உடனிருக்கட்டும்.

• இரவில் வெளிப்பகுதியை ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வையுங்கள். வியர்வையும் ஈரக்காற்றும் கருவியைப் பழுதாக்கும்.

• பட்டன் பேட்டரிகளைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். குழந்தை விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

• அறுவை சிகிச்சையுடன் பணி முடிவதில்லை. கேட்டல் மற்றும் பேச்சுப் பயிற்சியை இடைவிடாது தொடருங்கள்.

பேசக் கற்றபின் கேட்கும் திறனை இழந்த பெரியவர்களுக்கும், கேளாத காலம் நீளநீளச் சிகிச்சையின் பயன் குறையக்கூடும். எனவே புதிய கருவி பற்றிய செய்தியை மட்டும் நம்பி நாள் கடத்தாமல், காது மூக்கு தொண்டை மருத்துவரையும் கேட்டலியல் நிபுணரையும் கலந்தாலோசியுங்கள்.