கிறிஸ்துமஸ் மரமும் கம்பம் பள்ளத்தாக்கும்

கார்த்திகை கழிந்து பனி இறங்கத் தொடங்கியதும் உத்தமபாளையம் கடைவீதியிலே பிளாஸ்டிக்கினாற் செய்த பச்சை மரங்கள் வந்து நிற்கின்றன. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி முதலிய ஊர்களிலிருந்து வரும் கிறிஸ்தவக் குடும்பத்தார் அவற்றை விலை பேசுகின்றனர். பிற சமயத்தார் வீட்டுப் பிள்ளைகளும் அம்மரத்தின் மினுமினுப்பில் மனம் பறிகொடுத்துத் தகப்பனார் கையைப் பிடித்திழுக்கின்றனர். இவ்வலங்காரம் நமக்கு வேண்டுவதோவெனச் சிலர் வினவுகின்றனர். அலங்காரம் வேண்டும், அந்த மரம் வேண்டா என்பதே எமது அபிப்பிராயம்.

இவ்வழக்கம் பிறந்தவிடம் ஜெர்மானிய தேசம். ஸ்திராஸ்பூர்க் நகரத்தார் தம் வீட்டுக் கூடங்களிலே தேவதாரு வகை மரங்களை நிறுத்திக் காகித ரோஜாக்களும் ஆப்பிள் பழங்களும் தின்பண்டங்களும் கட்டித் தொங்கவிட்டனரென்று 1605-ஆம் ஆண்டைச் சார்ந்த குறிப்பொன்று கூறுகின்றது. விக்டோரியா மகாராணியார் குடும்பத்துடன் அத்தகைய மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் 1848-இல் இலண்டன் பத்திரிகையொன்றில் வெளிவந்தபின், ஆங்கிலேயர் இல்லந்தோறும் அது பரவிற்று. 1882-இல் எடிசனின் கூட்டாளியான எட்வர்டு ஜான்சன் என்பார் நியூயார்க்கில் மின்விளக்குகளை அதிற் பொருத்தினார். நாம் இன்று காணும் மினுமினுப்பின் தொடக்கம் அதுவே.

குளிர்தேசத்தில் அம்மரத்திற்கு ஒரு பொருளுண்டு. எல்லா மரமும் இலையுதிர்த்து மொட்டையாய் நிற்க, அஃதொன்றே பச்சையாய் நிற்கும். சாவாத ஜீவனுக்கு அது சாட்சி. நமது பள்ளத்தாக்கிலோ டிசம்பர் மாதந்தான் கண்ணுக்குக் குளிர்ந்த காலம். வயலிலே நெற்பயிர், வாய்க்காலிலே தண்ணீர், மேகமலையின்மேல் முகில். இத்தனை பசுமைக்கு நடுவே சாயப் பச்சையைக் காசு கொடுத்து வாங்கி அறைக்குள் வைப்பானேன்? அதிலும் அந்தப் பிளாஸ்டிக் மரம் நாலைந்து ஆண்டுகளில் இலையுதிர்ந்து குப்பையாகும். எரித்தாலோ நச்சுப்புகை கக்கும். நாட்கூலிக்குப் போகும் எளியவர் கடன்பட்டு இதனை வாங்குவதைக் காணும்போது எமக்கு மனம் பொறுக்கவில்லை.

அப்படியாயின் மலையேறி இளமரத்தை வெட்டி வரலாமோவெனின், அது கூடவே கூடாது. மேகமலைக் காடுகள் 2021 முதல் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. சவுக்குக் கிளையை நட்டு ஜோடிப்பது தமிழ்நாட்டிற் பலவிடத்தும் பழகிய வழக்கம்; அதனை யாம் குறைகூறோம். ஆயினும் இப்பள்ளத்தாக்கினர்க்கு அதனினும் பொருத்தமானதொன்று கையெட்டும் தூரத்தில் இருக்கின்றது. அதுவே திராட்சைக்கொடி.

கம்பம் வட்டாரத்துத் தோட்டங்கள் வெவ்வேறு காலத்திற் கவாத்து செய்யப்படுவதால், ஆண்டு முழுதும் எங்கேனும் ஒரு பந்தலின்கீழ் வெட்டிய கொடிக்குச்சிகள் குவிந்து கிடக்கும். அவற்றில் நீண்டவற்றை அடியில் அகலவும் நுனியில் ஒடுங்கவும் கூம்பாய்க் கட்டி நிறுத்தினால் ஒரு மரமாயிற்று. கொடிகளின் இயல்பான சுருளிலே காகித நட்சத்திரமும் சிறுமணியும் தாமே தொற்றி நிற்கும். இரட்சகர் தம்மையே திராட்சைச் செடியென்று உவமித்ததை அறிந்தவர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

“காய்ந்த குச்சியிற் பசுமை ஏது?” என்று நண்பர் ஒருவர் எம்மை மடக்கினார். குடிலின் முன்னே சிறு சட்டிகளில் வெந்தயமும் கேழ்வரகும் விதைத்து முளைவிடச் செய்யும் வழக்கம் நம் தாய்மார்க்குப் புதிதன்று. அச்சட்டிகளை மரத்தடியில் வைத்தாற் போதும். குடிலுக்கு மரத்தினும் முதுமை உண்டு. அசிசி நகர் பிரான்சிஸ் முனிவர் கிரெச்சோ என்னும் ஊரில் அதனை அமைத்தது 1223-ஆம் ஆண்டு.

அந்நிய வழக்கமென்று அடியோடு தள்ளுவாரும் உளர். 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொணர்ந்ததாகச் சொல்லப்படும் திராட்சையை இன்று அந்நியமென்பார் யார்? கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடே பெற்றுவிட்டது. மேற்கே ஓடிய பெரியாற்றுத் தண்ணீர், பென்னிகுவிக் துரையின் அணை 1895-இல் முடிந்தபின் நம் வயலுக்குத் திரும்பியதன்றோ? தொலைவிலிருந்து வந்ததென்பது குற்றமாகாது. வந்தது இம்மண்ணில் வேர் கொண்டதா என்பதே கேள்வி.

விளக்குகளைப் பற்றி ஒரு சொல். அவற்றை யாம் வெறுப்பவரல்லோம். ஆனால் மரத்தைக் கூடத்து மூலையில் வைத்துக் கதவடைத்துக்கொள்வது பண்டிகைக்கு அழகன்று. கார்த்திகை மாலையில் அடுத்த வீட்டார் தம் திண்ணையில் அகல் வரிசையிட்டதை நம் பிள்ளைகள் பார்த்து மகிழ்ந்தனர். ரம்சானிலும் தெருவெல்லாம் ஒளி உண்டு. நம் மரமும் திண்ணையிலேயே நிற்கட்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் இவ்வாண்டே இதனைச் செய்து பார்ப்பாராக. ஒரு கட்டுக் குச்சி கேட்டால் எந்தத் தோட்டக்காரரும் இல்லையென்னார்.

ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராஜாக்கள் திருநாளன்று, மரத்தைப் பிரித்துவிடலாம். அதற்குள் கொடி நன்றாய்க் காய்ந்திருக்கும். அடுத்த வாரத்துப் பொங்கற்பானைக்கு அடுப்பெரிக்க உதவும்.