விதை மட்டும் வாங்கிட்டு வந்தா போதுமா?

பட்டறிவுப் பயணம்னு எங்க போனாலும் நம்ம ஆட்கள் முதலில் கேட்பது, "விதை கிடைக்குமா?" என்றுதான். போன ஐப்பசியில் எங்கள் குழுவில் 14 பேர் கொச்சிக்குப் பக்கத்தில், பெரியாறு கிளை கிளையாகப் பிரிந்து காயலில் சேரும் கடமக்குடித் தீவுகளுக்குப் போனோம். அங்கேயும் அதே கேள்வி. ஆளுக்கு ரெண்டு படி பொக்காளி நெல் வாங்கி வந்தாச்சு. வாங்கட்டும், தப்பில்லை. ஆனால் உப்பு தாங்குற நெல் நம்மிடமே களர்பாலை, குழியடிச்சான்னு இருக்கே!

அங்கே பார்க்க வேண்டியது வேறு. கோடையில் வயலைக் காயவிட்டு, மண்ணைக் கூம்பு கூம்பாகக் குவிக்கிறார்கள். தென்மேற்கு மழை அந்தக் குவியலில் உள்ள உப்பைக் கழுவி இறக்கிவிடும். முளைகட்டிய விதையைக் குவியல் மேலேயே விதைத்து, நாற்று வளர்ந்ததும் மண்ணோடு வெட்டி வயலில் பரப்புவார்கள். அப்புறம் உரமும் இல்லை, மருந்தும் இல்லை. அறுக்கும்போது கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு தாளைத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். தாள் அழுகி அடுத்து வரும் இறாலுக்குத் தீனியாகும்; இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு எரு. ஏப்ரல் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை நெல், மீதி மாதங்களில் இறால். 'ஒரு நெல்லும் ஒரு மீனும்' என்கிறார்கள்.

இத்தனையும் நிற்பது ஒரு மதகை நம்பி. பலருடைய நிலம் ஒரே கரைக்குள் கிடக்கிறது. அதைப் பாடசேகரம் என்கிறார்கள். எல்லோரும் சேர்ந்துதான் தண்ணீரை வடிக்கணும், உப்புத்தண்ணியை அடைக்கணும். ஒருத்தர் 'வருஷம் முழுக்க இறாலே இருக்கட்டும்'னு திறந்துவிட்டால், பக்கத்து வயல்காரர் நெல்லை மறந்துவிட வேண்டியதுதான். இறாலில் காசு புரளுது, நெல்லில் கூலிக்கே கட்டுபடியாகலை. அதனால் நெல் சுருங்கிக்கொண்டே வருகிறது.

கூலின்னு சொன்னேனே, அதையும் பேசணும். அந்தச் சேற்றில் எந்திரம் இறங்காது. நாங்கள் பார்த்த வயலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அறுத்தவர்கள் எல்லாரும் வயசான பெண்கள். ஒரு அம்மா, தன் மகளை இந்த வேலைக்கு விடமாட்டேன் என்றார். பொக்காளிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பல வருஷமாச்சு. அந்த அம்மாவுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று நம்மில் ஒருத்தரும் கேட்கலை. கிலோ என்ன விலைன்னு மட்டும் கேட்டோம்.

நம்ம ஊர்லயும் கதை இதுதானே? நாம மருந்தடிக்காம இருக்கலாம். மேல்வயல்காரர் அடிச்ச மருந்து வாய்க்கால் வழியா நம்ம வயலுக்குள்ள வருது. அவரை நாம் எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடுவதில்லை. வயலில் இறங்கி வேலை செய்யும் பெண்களையும் கூப்பிடுவதில்லை. எங்கள் 14 பேரில் பெண்கள் ரெண்டே பேர்.

தையில் அடுத்த பயணம் என்று பேச்சு நடக்கிறது, இருபது இடம். அதில் பத்து இடத்தை மேல்வயல்காரர்களுக்கும் நடவு, அறுவடைக்கு வரும் பெண்களுக்கும் ஒதுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெண்களுக்கு அந்த ரெண்டு நாள் கூலியையும் குழுவே கொடுத்துடணும்.