சங்கிலி தேய்ந்தால்...

அம்பத்தூர்வாசிகளுக்குச் சைக்கிளைப் பற்றி யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. 1949-ல் ஆரம்பமான டி. ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி அந்த ஊரில்தான் சைக்கிள் செய்து தேசமெங்கும் அனுப்பிற்று. சங்கிலி தேய்ந்ததென்று சைக்கிளையே வீசி எறிகிறவர் அங்கே கிடையாது. ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் இந்த ஞானம் எங்கோ ஓடிவிடுகிறது!

பொத்தானை அழுத்திவிட்டுக் காபி சாப்பிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "புதிதாக வாங்கிவிடலாம்" என்கிறார்கள் வீட்டார். பொறுங்கள், நேயர்களே! பழைய யந்திரங்கள் பலவற்றில் குற்றவாளி ஹார்ட் டிஸ்க்தான். அதனுள்ளே தட்டுகள் நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கின்றன. வேண்டிய இடம் சுழன்று வரும்வரையில் படிக்கும் முனை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வினாடியில் நூற்றில் ஒரு பங்குதான் தாமதம். ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் நிமிஷங்களாகிவிடும். 1956-ல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் டிஸ்கிலும் இதே முறைதான்.

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவுமே இல்லை. எல்லாம் சில்லுகளில் அடக்கம். ஆகையால் காத்திருத்தலும் அநேகமாக இல்லை. சாட்டா இணைப்புள்ள மேஜைக் கம்ப்யூட்டரில், பழைய டிஸ்கின் கம்பிகளையே இதற்கும் மாட்டிவிடலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஹார்ட் டிஸ்க் சாகுமுன் பல சமயம் முனகும், எஸ்.எஸ்.டி. சொல்லாமலே போய்விடக்கூடும். கல்யாணப் படங்களையும் பத்திர நகல்களையும் முதலில் வேறோரிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். கழற்றிய டிஸ்கை அவசரப்பட்டுப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சைக்கிளின் பழைய சங்கிலி வெறும் இரும்பு. இதிலோ உங்கள் குடும்பமே இருக்கிறது.