தொலைந்த வலைகள்



பனித்திட்டு, நரம்பை, மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம். புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் கடற்கரை இவ்வளவுதான். இந்த ஊர்களில் யாரும் ஆசைப்பட்டு வலையைக் கடலில் விட்டுவிட்டு வருவதில்லை. கடன்பட்டு வாங்கிய வலை அது. கடலடிப் பாரில் மாட்டிக்கொண்டால் அறுத்துவிட்டுத்தான் கரைக்கு வர வேண்டும். இரவில் விரித்த வலைமேல் விசைப்படகு ஏறிவிட்டால் மிதவை ஒரு பக்கம், வலை ஒரு பக்கம். புயல் வந்தால் சொல்லவே வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது படகுகளும் வலைகளும் சேர்ந்தே போயின.

தாத்தா காலத்துப் பருத்தி நூல் வலை தொலைந்தால் மக்கிப்போகும். நைலானும் தங்கூசும் மக்குவதில்லை. ஆளில்லாமலே மீனைப் பிடித்துக்கொண்டிருக்கும். செத்த மீனைத் தின்ன நண்டு வரும்; அதுவும் சிக்கும். முட்டையிட நம் கரைக்கு வரும் பங்குனி ஆமைக்கும் இதே கதிதான். அந்த மீனும் நண்டும் நாளை நம் மீனவரின் வலைக்கு வந்திருக்க வேண்டியவை. ஆகவே வலை தொலைத்தவரைக் குற்றவாளியாக்கும் பேச்சை நான் ஏற்கமாட்டேன். முதல் நஷ்டம் அவருக்குத்தான்.

தொலைந்தும் கைவிடப்பட்டும் உலகக் கடல்களில் சேரும் மீன்பிடிச் சாதனங்கள் ஆண்டுக்குச் சுமார் 6,40,000 டன் என்று ஐ.நா. அமைப்புகளின் 2009 அறிக்கை மதிப்பிட்டது. கேட்டால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் 2017-இல் கேரளத்தின் கொல்லம் அருகே சக்திகுளங்கரையில் ஒரு நல்ல காரியம் தொடங்கியது. வலையில் ஏறும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கடலில் வீசாமல் மீனவர்களே கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதைத் தரம்பிரித்துத் தூளாக்கிச் சாலை போடக் கொடுத்தார்கள். கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ள கரையில் ஓர் இடம் இருந்தது. அதுதான் முக்கியம்.

நமக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வலைகள் கரையில் கிடந்து பழுதுபார்க்கப்படும் காலம் அது. அப்போது கொம்யூன் பஞ்சாயத்தும் மீன்வளத்துறையும் சேர்ந்து கிழிந்த வலைகளைக் கிலோ கணக்கில் விலைக்கு வாங்கலாம். வலை எந்த இடத்தில் போனது என்று சொல்பவரிடம் அபராதம் பேசாமல் குறித்துக்கொள்ளலாம். இடம் தெரிந்தால்தான் முக்குளிப்பவர்கள் இறங்கி எடுக்க முடியும்.

வில்லியனூர் வாசகர்கள் இது கடலோரத்துப் பிரச்சினை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கத்தரித் தோட்டத்துக்கு வேலியாகக் கட்டும் பழைய வலை கிழிந்ததும் எங்கே போகிறது? வாய்க்காலில் எறிந்தால் சங்கராபரணி ஆறு அதைக் கடலில்தான் சேர்க்கும்.

உங்கள் ஊரில் பழைய வலைகள் எங்கே குவிந்து கிடக்கின்றன என்று எங்களுக்கு எழுதுங்கள். ஊர்ப்பெயரும் இடமும் போதும். வரும் கடிதங்களைத் தொகுத்து, தடைக்காலம் தொடங்கும் முன்பே கொம்யூன் அலுவலகத்தில் நேரில் கொடுக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்