துப்பாக்கியும் பொறுப்பும்

மங்கள வாத்தியம் ஒலிக்க வேண்டிய கலியாணப் பந்தலில் துப்பாக்கி வெடிப்பதை வடநாட்டில் பல இடங்களில் கௌரவமாகக் கருதுகின்றனர். ஆகாயத்தை நோக்கிச் சுட்ட குண்டு ஆகாயத்திலேயே தங்கிவிடுவதில்லை. 2016 டிசம்பரில் பஞ்சாபில் பதிண்டா ஜில்லாவில் நடந்த ஒரு கலியாணத்தில், மேடையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண் குண்டுபட்டு மாண்டாள். ஜீவனத்துக்காக ஆட வந்தவளின் உயிர் பிறருடைய உல்லாசத்துக்குப் பலியாயிற்று. 2019-ல் பார்லிமெண்டு ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, இத்தகைய குற்றத்துக்கு இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று விதித்தது. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை இரண்டாகவும் குறைத்தது.

இது பிரஜைகளின் உரிமையைப் பறிப்பதாகும் என்று வாதிப்போர் உளர். அவர்கள் சரித்திரத்தைச் சாட்சிக்கு அழைக்கின்றனர். லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த 1878-ல் பிறந்த ஆயுதச் சட்டம் வெள்ளையருக்கு விலக்களித்து, இந்த நாட்டு மக்களை லைசென்ஸ் கேட்டு நிற்கச் செய்தது. அந்த அவமானத்தை நமது தேசத்தலைவர்கள் ஓயாது கண்டித்தனர். அது நியாயமே. ஆனால் 1931-ல் கராச்சிக் காங்கிரஸ் ஆயுத உரிமையைப் பிரகடனம் செய்தபோது, அதற்கான விதிகளுக்கு உட்பட்டே என்ற நிபந்தனையையும் சேர்த்தது என்பதை இவர்கள் மறந்துவிடலாகாது. அந்நியனுடைய சட்டம் நம்மை நம்பாததால் பிறந்தது. 1959-ல் நமது பார்லிமெண்டே இயற்றிய சட்டம் அண்டை வீட்டான் உயிரைக் காப்பதற்காகப் பிறந்தது. இரண்டையும் ஒன்றாகப் பாவிப்பது சரியன்று.

திருடனும் கொலைஞனும் கள்ளத் துப்பாக்கி வைத்திருக்க, யோக்கியன் மட்டும் வெறுங்கையுடன் நிற்பதா என்ற கேள்விக்குப் பொருள் உண்டு. கள்ள ஆயுதத்தை வேரறுப்பது சர்க்காரின் கடமை. அதில் காட்டும் அசிரத்தைக்கு மன்னிப்பில்லை. ஆனால் கலியாணத்தில் சுடுகிறவர்களில் பலர் லைசென்ஸ் பெற்ற பெரிய மனிதர்களேயன்றோ! லைசென்ஸ் காகிதம் குண்டுக்குக் கண் கொடுப்பதில்லை.

குடகு நாட்டைப் பாருங்கள். அங்குள்ள கொடவருக்கு லைசென்ஸ் விலக்கு நெடுங்காலமாக உண்டு. 2019-ல் மத்திய சர்க்கார் அதனை 2029 வரை நீட்டித்தது. பிறப்பால் விலக்களிப்பது முறையா என்பது வேறு விவாதம். ஆனால் கைல்பொள்துத் திருநாளில் துப்பாக்கியைப் பூஜையில் வைத்து வணங்கும் அந்த மரபிலே ஒரு பாடம் இருக்கிறது. வணக்கத்துக்குரிய பொருளை விளையாட்டுக்கு எடுக்க மனம் கூசும்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். ஓட்டுக்கு உள்ள பாதுகாப்பு கலியாண விருந்தாளியின் உயிருக்கு வேண்டாமா? லைசென்ஸ் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக நீட்டியது அதே 2019-ம் வருஷத் திருத்தம். காலம் நீண்டால் கண்காணிப்பும் நீள வேண்டும். வருஷந்தோறும் ஆயுதத்தையும் தோட்டாக் கணக்கையும் சோதிக்க வேண்டும்; தோட்டாவைத் தனியே பூட்டி, குழந்தைகளின் கைக்கு எட்டாமல் துப்பாக்கியை வைத்திருப்பதை உறுதி செய்ய வேண்டும்; பந்தலில் சுட்டவனுடைய லைசென்ஸை எவருடைய சிபாரிசுக்கும் செவிசாயாமல் ரத்துசெய்ய வேண்டும்.

சட்டம் மட்டும் போதாது. துப்பாக்கி வெடிக்கும் பந்தலை விட்டு ஊர்ப் பெரியோர்கள் எழுந்து வெளியேறட்டும். அந்தக் கணமே கௌரவம் அவமானமாக மாறிவிடும். ஆயுதம் தாங்கும் உரிமை கேட்பவன், அதனால் விளையும் ஒவ்வொரு தீங்குக்கும் பொறுப்பேற்கத் தயாராக இருக்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.